வேண்டாத எடை

கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் அதில் உட்காருவதைவிடக் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதிப்பதில்தான் அவருக்குப் பரம சுகம். ஒரு கல் துளி குறைந்தாலும் கடைக்காரர் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிடுவார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் "கிராம் வர்றாரு, கிராம் வர்றாரு" என்று கடைக்குக் கடை செய்தி ஓடும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மனைவியின் தம்பிகூட முதுகுக்குப் பின்னால் "கிராம் மாமா" என்றுதான் சொல்வான். அது காதில் விழுந்த அன்று அவர் கோபப்படவில்லை. ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள், தம்பியோடு சேர்ந்து ஒரு லாண்டரி நடத்துகிறாள். ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வரும். நாள் முழுக்க நீராவியில் வெந்து வீடு திரும்புகிறவளுக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமை கார்ச் சவாரி.

அந்தக் கார் வந்த கதை இதுதான். மகள் படிப்புக்காக வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. ஒரு நாள் கிராம் செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வெளிர்பச்சை நிறம், இரண்டே இருக்கை. "இனிமே நாம ரெண்டு பேர்தானே, ரெண்டு சீட்டு போதும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனை காலமாயிற்று! அவள் அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டாள். சொன்ன மனிதர்தான் மறந்து தொலைத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் ட்ராக் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டலாம். முதல் தடவை இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் "பிரேக்கு, பிரேக்கு, இப்பப் போடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவரும் போட்டார். இறங்கும்போது இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்று ஒரு சுற்றுக்கு ஆன லேப் நேரத்தை வீட்டுப் பின்புறத்து ஷெட் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ட்ராக்கில் யாரோ ஒரு புண்ணியவான் "வண்டிய லேசாக்குங்க சார், வேகம் தன்னால வரும்" என்று கொளுத்திப் போட்டுவிட்டான். எடை என்ற சொல்லைக் கேட்டால் கிராம் சும்மா இருப்பாரா? மறுநாளே லாண்டரித் தராசு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. முதலில் ஸ்டெப்னி டயர் போனது. அதோடு ஜாக்கி போனது. தரைவிரிப்பு, ரேடியோ, ஏசி, கதவுக்கு உள்பக்க அட்டை எல்லாம் வரிசையாக வெளியேறின. பயணி பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைக்கூட விட்டுவைக்கவில்லை. மிச்சமிருந்த தகடுகளில் டிரில் போட்டு ஓட்டை ஓட்டையாகத் துளைத்தார். சாவிக்கொத்தில் அவள் வாங்கி மாட்டியிருந்த மரப் பொம்மையையும் ஒரு நாள் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தார். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

கழற்றிய ஒவ்வொன்றிலும் அலுவலகப் பழக்கத்தில் ஒரு அட்டை கட்டுவார். இன்ன பொருள், இன்ன எடை, இன்ன ரகம். ரகம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "வேண்டாத எடை."

எதையாவது கழற்றி முடித்த சந்தோஷத்தில் பேக்கரிக்குப் போய் ஒரு முழு கேக்கை ஒண்டியாகத் தீர்த்துவிட்டு வருவார். வண்டி இளைக்க இளைக்க ஐயா ஊதிக்கொண்டே போனார். அந்த எடையைப் போட மட்டும் அவருக்குத் தராசு ஞாபகம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் லாண்டரியிலிருந்து வந்தபோது, ஹாலில் டிவிக்கு எதிரே காரின் பயணி இருக்கை உட்கார்ந்திருந்தது. கழுத்தில் அட்டை.

"என்னங்க இது? என் சீட்டு ஏன் இங்க இருக்கு?"

"கழட்டிட்டேன். சீட்டும் நீயும் சேந்தா எவ்வளவு வருது தெரியுமா? அவ்வளவையும் சுமந்துக்கிட்டு எப்படி வேகமாப் போறது?"

அவள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். பயணி இருக்கை, வேண்டாத எடை. படித்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இவருக்குச் சட்டை தேய்த்து, இவர் அம்மாவைப் பார்த்து, இவர் எகத்தாளத்தை எல்லாம் பொறுத்துப் போனதற்கு இதுதான் கிடைத்த பெயரா? ரேடியோவோடும் டயரோடும் ஒன்றாகத் தன்னையும் கழற்றி வைத்துவிட்டாரே என்று அழுகை முட்டியது. ஆனால் இந்த மனிதர் முன்னால் அழுதால் கண்ணீரையும் எடை போடுவார்.

"சரி" என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து வந்த அன்னைக்கு எடுத்த டைம் செவத்துல இருக்கு. அத முறியடிச்சுக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா இந்த சீட்ட நானே பழைய இரும்புக்குப் போட்டுடறேன். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னு வாயத் திறக்க மாட்டேன். முடியலன்னா அன்னைக்கே, அந்த எடத்துலயே, சீட்டு உள்ள போகணும்."

"ஐயோ பாவம், தோக்கப் போற பந்தயம்" என்று கிராம் உச்சுக் கொட்டினார்.

பந்தயம் போட்ட பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுநர் இருக்கையும் கனம் என்று கண்டுபிடித்தார். ரேஸ்காரர்கள் வைக்கும் பக்கெட் சீட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அது வெறும் ஃபைபர் ஓடு. பஞ்சு கிடையாது, முன்னே பின்னே நகராது, இடுப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அதனால் இடுப்பளவைக் கேட்டிருந்தார்கள். கிராம் அலமாரியிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து, லேபிளில் இருந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று போட்ட அதே சைஸ்!

"பேன்ட்டு சைஸ் மாறலதான். ஏன்னா பேன்ட்டு இப்ப தொப்பைக்குக் கீழ நிக்குது" என்றாள் அவள். "டேப்பு வச்சு ஒரு தடவை அளந்துடுங்களேன்."

"ஊர் அளவையெல்லாம் சரி பாக்கறவன் நான். எனக்கே அளவு சொல்லித் தர்றியா?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, பட்டால் தெரியட்டும் என்று இருந்துவிட்டாள்.

சீட் வந்தது. காரின் தரைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு முறுக்கினார். மெல்லிய லுங்கியோடு, மூச்சை உள்ளே இழுத்து, நெளிந்து நெளிந்து இறங்கி உட்கார்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "கச்சிதம்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. உடனே எழுந்துவிட்டார். வெற்றியில் வாயெல்லாம் பல்.

ட்ராக் நாளும் வந்தது. தம்பி லாண்டரி வேனை ஓட்டினான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். பின்னால், துணி மூட்டைகள் கிடக்கும் இடத்தில் பயணி இருக்கை படுத்திருந்தது. வழி நெடுக அவள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வாய்ச் சவடாலாகப் பந்தயம் போட்டாயிற்று. மனிதர் நிஜமாகவே ஜெயித்துவிட்டால்? பிறகு மாதாமாதம் அவர் தனியாக இங்கே வருவார், அவள் ஹாலில் அந்தச் சீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள். மிச்ச வாழ்நாளுக்கும் அதுதான்.

கிராம் தடித்த ரேஸ் உடுப்பு மாட்டி, காலை ஆகாரத்தை ஒரு கட்டு கட்டிவிட்டு வந்திருந்தார். காருக்குள் இறங்கியபோது பாதியில் நின்றார். இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்த, பொத்தென்று உள்ளே போனார். பெல்ட்டை இழுத்துக் கட்டியதும் முகத்தில் ஈயாடவில்லை. வீராப்பை மட்டும் விடாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கார் கிளம்பியது. நேர்ப்பாதையில் பறந்ததைப் பார்த்து அவளுக்குப் பக்கென்றது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் முதல் வளைவிலேயே விஷயம் அம்பலமாயிற்று. மூச்சை முழுதாக இழுக்க முடியாத மனிதர் ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவார்? முழங்கை சீட்டின் விளிம்பில் இடிக்க, வளைவு வளைவாகக் கார் தயங்கித் தயங்கி ஊர்ந்தது. ஏசியும் இல்லை. இரண்டாவது லேப் முதலாவதைவிட மோசம். மூன்றாவதில் புல்லில் இறங்கி ஏறியது. ட்ராக் ஆள் நேரத்தைப் படித்துச் சொன்னபோது தம்பி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஷெட் சுவரிலிருந்த நேரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

கார் வந்து நின்றது. கிராம் இறங்கவில்லை.

"கோவமா மாமா? எறங்குங்க, இதெல்லாம் சகஜம்" என்று தம்பி கதவைத் திறந்தான்.

"எறங்க வரலடா" என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு ஈனக்குரல். "மாட்டிக்கிச்சு."

இருவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மனிதர் அசையவில்லை. "அடியில போல்ட்ட கழட்டி, சீட்டோட வெளிய எடுத்துடலாம்" என்றான் தம்பி. "வண்டியத் தூக்கணுமே. ஜாக்கி எங்க மாமா?"

கிராம் முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"உங்க மாமா அத எப்பவோ கழட்டிட்டாரு" என்றாள் அவள். "எடை."

வேனிலிருந்து ஜாக்கி வந்தது. காரைத் தூக்கி, அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்றி, தராசு அதிகாரியைச் சீட்டோடு சேர்த்து நான்கு பேர் மூட்டை மாதிரி தூக்கிவந்து புல்லில் வைத்தார்கள். பிறகு சீட்டைக் கவிழ்த்து உலுக்கினார்கள். ட்ராக்கில் இருந்த அத்தனை பேரும் ஓட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் வெளியே வந்து விழுந்ததும் யாரோ கைதட்டினார்கள். அவளும் கைதட்டினாள். பாவம் என்று கொஞ்சமாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சொன்ன பேச்சுப்படி தம்பி பயணி இருக்கையை அதன் பழைய இடத்தில் வைத்து முறுக்கினான். பக்கெட் சீட்டையும் திரும்பப் பூட்டினான். வீட்டுக்குப் போக வேறு சீட் ஏது? உயரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுதான். அவள் காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போய், காலை உள்ளே வைத்து உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

"நான் வேனுல வந்துக்கறேன்" என்றார் கிராம்.

"ஏறுங்க" என்றாள்.

ஏறினார். அவள் கைப்பையைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாள். இத்தனை நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தாள். அவருடைய உடுப்பின் ஜிப்பில் கோர்த்து, முடிச்சுப் போட்டாள். அவர் குனிந்து தன் கையெழுத்தைத் தானே படித்தார்.

"அப்படி நெனச்சு எழுதலடி" என்றார்.

"எழுதுனீங்க. நான் அழுதேன்."

கார் மெயின் ரோட்டில் ஏறியது. வெயில் அவர் பக்கமாக அடித்தது. வேர்வை வழிய, கண்ணாடியை இறக்கலாம் என்று கதவைத் தடவினார். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் உக்காந்தா ரொம்பக் கஷ்டமா இருக்கே" என்றார் கடைசியில்.

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, அவருக்குக் காற்று வரும்படி செய்தாள். வீடு வரும்வரை அவர் அந்த அட்டையைக் கழற்றவில்லை. அவளும் கழற்றச் சொல்லவில்லை.