மிதிபடகில் குந்தியவன்

ஒகேனக்கல்லுக்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், ஏரியூரில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தேன். தோணி, ஓடம், அம்பி, திமில், பஃறி, புணை எனப் பழந்தமிழர் நீரில் விட்ட கலங்களின் பெயர்களையெல்லாம் வகுப்பில் அடுக்கிக் காட்டியவன், அவற்றுள் ஒன்றிலும் கால் வைத்ததில்லை. காரணம் எளியது: தண்ணீரைக் கண்டால் எனக்கு நடுக்கம். இதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை. அவளோ மணமான நாள்முதல் என்னிடம் விரும்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. பரிசலில் என்னோடு ஒருமுறை போக வேண்டும். ஆடியில் வெள்ளம் என்றேன். சித்திரையில் நீர் வற்றிவிட்டது என்றேன். இடைப்பட்ட மாதங்களுக்குக் கூட்டம் கைகொடுத்தது.

சென்ற தை மாதம் தருமபுரிப் பக்கத்தார் எட்டுப்பேர் சேர்ந்து இராஜஸ்தானுக்குச் சுற்றுலா போனோம். ஜெய்சல்மேர் நகரத்து ஏரியில் மறுநாள் படகுச் சவாரி உண்டு என்று வழிகாட்டி அறிவித்ததும், கம்பைநல்லூர்ப் புளி வணிகர் வேனில் என் பக்கம் திரும்பினார்.

“வாத்தியாரே, நீங்க ஒகேனக்கல்லு பக்கத்துக்காரரு. போட்டுல எப்பிடிக் குந்தறதுன்னு எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

தெரியாது என்ற சொல்லை நான் எந்த வகுப்பிலும் பயன்படுத்தியவன் அல்லன். பரிசல்காரர்கள் பயணிகளை அதட்டுவதைக் கரையில் பாதுகாப்பான தொலைவில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த முதலீட்டைக் கொண்டு அரைமணி நேரம் விரிவுரை ஆற்றினேன். நிற்றலாகாது. விளிம்பில் அமர்தலாகாது. காலை மடக்கி அடித்தளத்தில் குந்த வேண்டும். எடை மிகுந்தவர்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். அனைவரும் தலையாட்டிக் கேட்டனர். என் மனைவி மட்டும் சன்னல் வழியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அந்தக் கோட்டை நகரம் முழுவதும் குடித்த தண்ணீர் அந்த ஏரியினுடையதாம். பாலைவனத்து ஏரி கணுக்காலளவே இருக்கும் என்று இரவெல்லாம் நம்பியிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால், மஞ்சள் கற்படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கி, கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் மறைந்தன. கடைசிப் படியில் நின்றுவிட்டேன்.

“ஏங்க,” என்றாள் மனைவி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “இங்க வெள்ளம்னும் சொல்ல முடியாது, தண்ணி வத்திடுச்சுன்னும் சொல்ல முடியாது. கூட்டமும் நம்ம ஆளுங்கதான். இப்பவாச்சும் ஏறுவீங்களா, மாட்டீங்களா?”

ஏறினேன். அது இருவர் அமரும் மிதிபடகு. சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தாலன்றி நகராது. இதை நான் அறியேன். நான் அறிந்தது பரிசல், அதையும் அறியேன். இருக்கைக்கு முன்னால் மிதிகட்டைகள் இருந்த குறுகிய பள்ளத்தில், முழங்கால்கள் மோவாயை முட்ட, முறைப்படி குந்தினேன். என் பின்னால் மூன்று படகுகளில் ஏறிய எம்மவர்களும் அவ்வாறே குந்தினர். படகுக்காரர் எங்களை நீரில் தள்ளிவிட்டார். நான்கு படகுகளும் பத்தடி மிதந்து சென்று நின்றன.

படகுக்காரர் கரையிலிருந்து இந்தியில் கூவினார். இரு கைகளையும் காற்றில் சுழற்றிக் காட்டினார். அவர் எங்களை வாழ்த்துகிறார் என்றெண்ணி நானும் கையைச் சுழற்றினேன்.

“வாத்தியாரே!” பக்கத்துப் படகின் பள்ளத்திலிருந்து புளி வணிகரின் குரல் வந்தது. “எடையெல்லாம் எதிரெதிரா வெச்சாச்சு! இது எப்ப கெளம்பும்?”

விரிவுரையைக் கேளாத ஒருத்தி மட்டும் அந்த ஏரியில் இருக்கையில் ஒழுங்காக அமர்ந்திருந்தாள். “எந்திரிச்சு சீட்டுல குந்துங்க,” என்றாள். “நான் மிதிக்கறேன்.”

அந்த ஒரு முழ உயரத்தை நான் ஏறிய விதத்தை விவரியேன். படகு இருபுறமும் சாய்ந்தது; பிடித்த பொருள் அவளுடைய மிதவைச் சட்டை என்பது அவள் திட்டியபோது தெரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். அவள் மிதிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்க மிதிகட்டைகளும் ஒரே தண்டில் பிணைந்தவை. ஆகவே அவள் மிதிக்க, அவற்றின் மேலிருந்த என் கால்களும் தாமே சுழன்றன. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் உழைப்பதாகவே தோன்றியிருக்கும்.

“பயமாங்க?” என்றாள் சற்றுப் பொறுத்து.

“ஆமாம்.”

“எப்ப இருந்து?”

“சின்ன வயசிலிருந்து.”

“அதச் சொல்லியிருந்தா நான் என் தங்கச்சியோடயாவது போயிட்டு வந்திருப்பேனில்ல?” என்றாள். அவள் குரலில் சினம் இருந்தது, அது நியாயமானது. மறுமொழியாக என்னிடம் எந்த மாதமும் மிச்சமில்லை.

பிறகு, நான் கேளாமலே சொல்லத் தொடங்கினாள். தண்ணீர் நடுவில் ஒரு மண்டபம் நிற்கிறது. அதன் குவிந்த கூரையில் புறாக்கள். கெளுத்தி மீன்கள் கூட்டமாய் வாயைத் திறந்துகொண்டு வருகின்றன. அந்த ஏரியில் நான் கண்டதெல்லாம் இவ்வாறு காதால் கண்டவையே.

“போதும், திருப்பு, கரைக்குப் போயிடலாம்,” என்றேன்.

“அரமணி நேரம் குடுத்திருக்காங்க. இன்னும் பாதிகூட ஆவல.”

படகு திரும்பியதை உணர்ந்தேன். நம்மவர்களின் கூச்சல் பின்னால் தேய்ந்துகொண்டே போயிற்று. அவள் எதிர்க்கரையை நோக்கி மிதித்துக்கொண்டிருந்தாள். என் கால்களும் உடன் சென்றன.