பாலத்துக்கு அந்தப் பக்கம்

என் மாமா ஒரு ராஜ்ஜியத்தையே செய்தார். அதில் முதன்முதலாக நடந்து பார்த்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஹட்டனில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை. கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடுதான் இருந்தார். யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன பழைய கணினியைத் திருத்தி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் கார் ஓட்டி விளையாடலாம் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தோம். மாமாவோ சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

ஓர் அரக்கன் சூரியனைத் திருடிக் கோட்டைக்குள் பூட்டிவிட்டான். ஒரு சின்னப் பெண் வாளோடு அவனைத் தேடிப் போகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த நாடு! முதல் நாள் நான் மூடுபனிக்குள் மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தேன். உச்சிக்குப் போனதும் பனி விலகியது. கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்தது. ஆறு, காடு, கோபுரம். எல்லாவற்றுக்கும் அப்பால் விரல்நுனி அளவில் ஒரு கோட்டை, அதில் ஒரு சிவப்பு வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் மேல் விரலை வைத்தேன்.

"அங்கதான் போகணுமா மாமா?"

"ஆமா. ஆனா மெதுவாப் போ. இப்பவே போய்ச் சேந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

நான் விளையாடும்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார். பக்கத்தில் குறித்துக்கொள்ள ஒரு கொப்பி இருக்கும். நான் கொட்டாவி விட்ட இடத்தில் அடுத்த வாரம் ஓர் அருவி விழும். அவசரமாக ஓடிக் கடந்த இடத்தில் ஒரு குள்ளன் உட்கார்ந்து விடுகதை போடுவான். காட்டுக்குள் இருக்கும் கோயில் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே தப்பு மேளச் சத்தம் கேட்கும். பயந்து திரும்பி ஓடி, பயத்தோடே மறுபடி போவேன். மலைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒருவர் எங்கள் வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு, போய்ப் பாரு" என்றார்.

போனேன். பாலத்தைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் தேயிலை, மேலே மழை. பேய் இல்லை, பூதம் இல்லை, குள்ளன்கூட இல்லை. நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன்.

"இங்க ஒண்ணுமே இல்லையே மாமா. கொஞ்சம் குறைச்சிருங்க."

"இத மட்டும் குறைக்க ஏலாது. நட."

இவ்வளவு நேரம் நடக்கவைத்தால் முடிவில் மிகப் பெரிய பூதம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பாதை வளைந்தது. அங்கே ஒரு லயம் நின்றது. ஆறு கதவுகள், கூரைகளில் அடுப்புப் புகை. மூன்றாவது கதவில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். கிட்டப் போனதும் எழுத்துகள் ஓடின: 'வந்துட்டியா? நனையாம உள்ள வா. தேத்தண்ணி ஊத்தித் தாறேன்.'

எனக்கா தெரியாது? இப்படி அன்பாகக் கூப்பிடுகிறவர்கள்தான் கடைசியில் சூனியக்காரியாக மாறுவார்கள். வாளை உருவும் பொத்தானில் விரலை வைத்தேன்.

மாமாவின் கை என் கையைப் பிடித்தது. "வேணாம்."

"இவங்கள வெட்டுனா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப எதுக்கு வச்சீங்க?"

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துவிட்டு வந்த அம்மா வாளியோடு எங்கள் பின்னால் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிக் கதவுகிட்ட கொய்யா மரம் நின்னுச்சே தம்பி."

"மறந்துட்டேன்க்கா."

அம்மா வாளியை வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை நகரச் சொன்னார். அதுவரை அந்தக் கணினியைத் தூசி தட்டக்கூடத் தொடாதவர். கதவைத் திறக்க எதை அழுத்துவது என்று கேட்டு அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"உள்ளுக்கு இன்னும் செய்யலக்கா. உள்ளுக்கு என்னென்ன இருந்துச்சுன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

அம்மா மெல்லச் சொல்லத் தொடங்கினார். அடுப்பு எந்தப் பக்கம், சாமி படம் எந்தச் சுவரில், மழைக்கு எங்கே ஒழுகும். மாமா கொப்பியில் எழுதிக்கொண்டே போனார். அரக்கன் எப்போது வருவான் என்று இரண்டு தரம் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே விளையாடப் போய்விட்டேன்.

எனக்குப் பதினேழு வயதானபோது, தலவாக்கலைக்குப் பஸ்ஸில் போகும் வழியில், மானாப்புல் மண்டிய ஒரு சரிவை அம்மா காட்டி, "அங்கதான் நாங்க இருந்தோம்" என்றார். தாய் தகப்பன் இல்லாத அம்மாவையும் மாமாவையும் வளர்த்தது அவர்களின் அக்கா, என் பெரியம்மா. நான் பிறப்பதற்கு முன், ஒரு மழை நாளில், காய்ச்சல் என்று பெரியம்மா வேலைக்குப் போகாமல் லயத்தின் மூன்றாவது வீட்டில் படுத்திருந்தார். அம்மா வேறு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட மாமா, எட்டு வயதுப் பையன், பாலத்தைத் தாண்டித் தனியாக அந்தப் பாதையில் நடந்து வந்தார். வளைவில் திரும்பியபோது லயம் இல்லை. மலை சரிந்து வந்த மண்தான் இருந்தது.

இது எதுவும் தெரியாத அந்தப் பத்து வயதில் நான் கண்டது வேறு. அம்மா தினமும் மலையிலிருந்து வந்ததும் கணினி முன்னால் உட்காருவார். அந்த நீளப் பாதை முழுவதையும் நடப்பார். மூன்றாவது கதவில் நிற்பார். 'நனையாம உள்ள வா' என்று எழுத்து வரும். அதை வாசித்துவிட்டு எழுந்து சோறு ஆக்கப் போவார். கோட்டைப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. எங்கள் அம்மாவுக்கு விளையாடவே தெரியாது, ஒரே இடத்துக்குத்தான் போய்ப் போய் வருவார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.