பாலில்லாக் கள்ளி

காரைக்காலில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் பின்சுவரில் அந்தச் செடி முன்பே ஏறியிருந்தது. இலை கிடையாது. மூன்று பட்டையாகப் பச்சைத் தண்டு, ஓரங்களில் சின்ன முட்கள். முன்பு குடியிருந்தவர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். என்ன செடி என்று கேட்க ஆளில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகளுக்குப் பத்து மாதம், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது.

குழந்தையைப் பார்க்கக் குரும்பகரத்திலிருந்து வந்த மாமியார், கொல்லைப்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சதுரக்கள்ளியாச்சே இது! தவழுற புள்ள இருக்குற வீட்டுல வச்சிருக்கியே. பால் கண்ணுல பட்டா என்னாவும்?”

“இது அது இல்லீங்க அத்தை,” என்றேன். சொன்ன வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். கள்ளி என்று நாம் ஒரே பேரில் சொல்பவை இரண்டு வேறு குடும்பங்கள் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். சதுரக்கள்ளிக்குப் பட்டை மூன்றும் வரும், நாலும் வரும்; ஆனால் பால் உண்டு, முள் இரண்டிரண்டாக இருக்கும். சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தில் பால் கிடையாது. ஒரு சின்னத் திட்டிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். சுவரில் இருந்தவை கொத்து முட்கள்தான். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஆனால் தேர்வில் தப்பாக எழுதினால் மார்க்தான் போகும். கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டே வைத்தேன்.

“உனக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டார் என் கணவர்.

“முக்கால்வாசி.”

“மீதிக் காலுக்குத்தான் எங்கம்மா இருக்காங்களே.”

ஞாயிற்றுக்கிழமை மாமியார் மகன் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, “வெட்டறதுக்கு முன்னாடி நெஜ சதுரக்கள்ளி ஒரு துண்டு கொண்டாங்க” என்றேன். அவர் சைக்கிளில் விழிதியூர்ப் பக்கம் போய், ஒரு வேலியிலிருந்து ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் வாசற்படியிலேயே நின்றார். முதலில் வேலிக்கள்ளியை வெட்டினேன். கத்தியை எடுப்பதற்குள் வெள்ளையாகப் பால் வடிந்தது. பிறகு எங்கள் செடி. வெண்டைக்காய் போல ஒரு வழவழப்பு, அவ்வளவுதான்.

“வெயில்ல பால் வத்தியிருக்கும். நுனியில வெட்டு.”

நுனியில் வெட்டினேன். அடியில் வெட்டினேன். நடுவிலும் வெட்டினேன்.

“மாட்டுக்குக்கூட இத்தன தடவ மடி பாக்க மாட்டாங்கம்மா,” என்றார் கணவர்.

மாமியார் சிரிக்கவில்லை. “சரி, பாலில்ல. அப்ப இது என்னா? பேரச் சொல்லு.”

“பூ பாத்தாத்தான் சொல்ல முடியுங்க அத்தை.”

“பூக்குற வரைக்கும் இருக்கட்டும்.”

ஆனி மாதம் அவர் மறுபடி வந்திருந்தபோது மொட்டு ஒன்று கத்தரிக்காய் அளவுக்குப் பருத்துத் தொங்கியது. அன்று இரவு சாப்பாடு முடிந்த நேரத்துக்கு விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், வெள்ளை, நடுவில் எண்ண முடியாத மஞ்சள் கேசரங்கள். பெட்டியிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்துவந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். காம்புப் பக்கத்துச் செதில்கள் வரை பொருந்தியது. இந்த முறை முக்கால்வாசி இல்லை.

“புத்தகத்துல சீரியஸ்னு பேர் போட்ட கள்ளி வகைங்க அத்தை. ராத்திரி பூக்குறது.”

“சீரியஸா? ஆசுபத்திரியில சொல்ற மாதிரில்ல இருக்கு. அந்தப் பேர் நம்ம வீட்டுல வேணாம்.”

காலையில் பூ துவண்டு தொங்கிவிட்டது. அதையும் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாமியார்தான் அழைத்துப் போய்க் காட்டினார். “இது பாலில்லாக் கள்ளி. எம்மருமவ வெட்டிப் பாத்து, படிச்சுப் பாத்து சொன்னது. நீங்க பயப்படாம தொடுங்க.”

அவர்கள் போன பிறகும் கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. தாழ்ப்பாள் போட எழுந்தேன். அதற்குள் மாமியார் என் மகளை இடுப்பிலிருந்து இறக்கி, அந்தச் சுவர் ஓரமாகவே தவழ விட்டிருந்தார்.