சிறப்புப் பிரதி

இளையோருக்காக நான் எழுதிய நாவலை அன்பின் கதை என்று பின்னட்டை சொல்கிறது. பாதிப் பொய். தனித்துப்போன இரண்டு பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பேருந்து ஒன்றில் முன்பின் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். ஒருத்தி குருநகர் மீன்காரரின் மகள். மற்றவள் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து தாயோடு ஊர் திரும்பிய முஸ்லிம் பிள்ளை. சாப்பாட்டுப் பெட்டி திறக்கிறது, பிறகு வாய் திறக்கிறது. அதெல்லாம் அன்புதான். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை வன்மத்தில் எழுதினேன்.

அந்த மீன்காரரின் மகள் நான். கோப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்குப் போன முதல் நாளே வகுப்புத் தலைவி மூக்கைப் பொத்தினாள்.

"உவளிலை மீன் வெடுக்கு. ஒருத்தரும் உவளோடை கதைக்கக்கூடாது."

ஒரு வருடம் ஒருத்தரும் கதைக்கவில்லை. விடியற்காலையில் கிணற்றடியில் நின்று தோல் எரிய எரியச் சவர்க்காரம் போட்டேன். வெடுக்குப் போயிருக்கும். அவள் சொன்னது போகவில்லை. அதைச் சொல் மாறாமல் இரண்டாம் அத்தியாயத்தில் வைத்தேன்.

எங்கள் ஊர் நூல் வெளியீடுகளில் மதிப்பானவர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுப்போம். பட்டியலில் முதலாவதாக அவளை எழுதினேன். இன்று இணுவிலில் பேர்போன ஆசிரியை. பட்டுச்சேலை சரசரக்க வந்தாள்.

"எடியப்பா, நீரும் எழுத்தாளராய் வந்திட்டீர்!"

"உம்மாலைதான்," என்றேன்.

பூரித்துப்போய்க் கமராவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். வாசிப்பாள், தன்னைக் காண்பாள், கூசிப்போவாள். நான்கு நாள் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவளே அழைத்தாள்.

"வாசிச்சு அழுதுபோட்டன். அந்த மீன்காரற்றை பிள்ளை பாவமெல்லே! அதை ஒதுக்கினவள் ஒரு மனிசியோ?"

"நீரே சொல்லுறீர்."

"வேறென்ன? எங்கடை வகுப்பிலை அப்பிடியொண்டும் நடக்கேல்லை. நாங்கள் எவ்வளவு ஒற்றுமையாய் இருந்தனாங்கள்!"

மறந்துவிட்டாள். என் ஒரு வருடத்தை எடுத்தவள், எடுத்ததையே மறந்துவிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டேன்.

"இருபத்திரண்டாம் பக்கத்தை எடும். வகுப்புத் தலைவி சொல்லுறதைச் சத்தமாய் வாசியும், கேப்பம்."

"இப்பவோ? பொறும், கண்ணாடியைக் காணேல்லை."

மேசை லாச்சி இழுபடும் சத்தம். தாள் புரளும் சத்தம். பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கும் அந்தத் தெளிந்த குரலில் தொடங்கினாள். இரண்டாம் வரியில் குரல் தடக்கியது. நின்றது.

"உது… நானோ?"

"மிச்சத்தையும் வாசியும்," என்றேன்.