ரசம் தேர்ந்தெடுத்த கார்புரேட்டர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு எந்த கார்புரேட்டர் என்பதை முடிவு செய்தது என் அத்தை வைத்த ரசம்தான். இதைச் சொன்னால் வண்டி ஓட்டுகிறவர்கள் சிரிக்கிறார்கள். சமைக்கிறவர்கள் சிரிப்பதில்லை.

நான் அப்போது நான்காம் வகுப்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் பின்கட்டு முழுக்க அத்தையின் சமையலறை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வெலிங்டன் தீவில் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்களுக்கு அங்கிருந்துதான் மதியச் சாப்பாடு போகும். சாம்பார் ஒரு தூக்கில், ரசம் ஒரு தூக்கில், கறியும் கூட்டும் அடுக்குகளில். கொண்டுபோகிறவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கொண்டுபோகிற வண்டி அவரே வெட்டி ஒட்டிச் செய்தது.

சித்தப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே கம்பெனி மூடிப்போய்த் திரும்பி வந்த புதிதில், மாடி அறையில் மத்தியானம் வரை படுத்திருப்பார். கதவு சாத்தியே இருக்கும். அத்தை காப்பியைக் கதவோரம் வைத்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய், ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு இறங்குவாள். பள்ளிக்கூடத்துக்கு என்னை எழுப்பும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கும். கொடுத்து வைத்தவர், இஷ்டத்துக்குத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். பின் சீட்டில் பாதியை அறுத்தார். இரண்டு பக்கமும் தூக்கு உட்காரும்படி இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தார். சட்டத்துக்கு இடம் போதாமல், எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டித் தரும் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, டம்ளர் அளவில் ஒரு வடிகட்டியைச் செருகினார். சைலன்சரையும் மாற்றினார். வண்டி கிளம்பினால் தெருக்கோடி மசாலாக் கிடங்கில் தூங்கும் பூனை எழுந்து உட்காரும். எனக்கு அந்தச் சத்தம் உயிர். அத்தைக்கு அது தலைவலி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அத்தை அதைத் தினமும் சொல்வாள்.

அந்த வண்டியின் கார்புரேட்டர்தான் மண்டையைப் போட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சின்ன உலோகக் குடுவை அது. உள்ளே தேய்ந்துபோய், பெட்ரோல் சொட்டவும், வண்டி கறுப்புப் புகை விடவும் ஆரம்பித்தது. தீவுக்குப் போகும் பாலத்தின் ஏற்றத்தில், சாப்பாட்டோடு, அடுத்தடுத்து இரண்டு நாள் நின்றது. அலுவலகத்தில் பசியோடு காத்திருந்த ஒருவர் அத்தையையே போனில் கூப்பிட்டு, இது மதியச் சாப்பாடா, இரவுச் சாப்பாடா என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்று அத்தை சித்தப்பாவுக்குச் சாதம் போட்டுக்கொண்டே தீர்ப்பும் சொன்னாள். "இன்னும் ஒரு தரம் பாலத்துல நின்னுதுன்னா ஆக்ரிக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்துடுவேன், கேட்டயா. ஆட்டோக்காரன் நான் கொண்டு போறேன்னு தெனமும் கேட்டிண்டிருக்கான்."

ஆக்ரிக்காரன் என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்பு வாங்குகிறவன். வண்டி அவனிடம் போனால் சித்தப்பாவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்க வாயெடுத்தார். அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. சித்தப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் எர்ணாகுளம் கிளம்பினார். பழைய கார்புரேட்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால்தான் சரியானது கிடைக்கும். பையில் போட்டால் பெட்ரோல் சொட்டும். எனவே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை வாழையிலையில் சுற்றி, அத்தையின் நெய் தூக்கில் வைத்து மூடினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் அந்தத் தூக்கை ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எர்ணாகுளத்துக் கடைவீதியான பிராட்வேக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில், கடைக்காரர் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்ன வண்டி என்று கேட்டார். சித்தப்பா பெயரைச் சொன்னார். கூடவே, காற்றுப்பெட்டி இல்லை, சைலன்சர் வேறு, பின்னால் இரும்புச் சட்டம், அதில் சாம்பார் என்றும் சொன்னார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் நீங்கள் சொன்னது வண்டியின் பெயர் இல்லை, அதன் வம்சத்தின் பெயர் என்றார். கடைசியில் இரண்டு கார்புரேட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று அந்த வண்டிக்கு ஆதியில் இருந்த அளவு, சின்ன வாய். இன்னொன்று அதைவிடப் பெரிய வண்டிக்கானது, பெரிய வாய். பொருத்திப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரும்படி சொல்லி அனுப்பினார்.

நெய் தூக்கு வீடு வந்து சேர்ந்ததும் அத்தை அதை முகர்ந்து பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்தாள். பெட்ரோல் வாசனை போகவில்லை. சித்தப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு வைத்தாள்.

எங்கள் மெக்கானிக்கை நாங்கள் எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம். அவர் தமிழையும் மலையாளத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர். முதலில் சின்னதைப் பொருத்தினார். வண்டி அழகாக உறுமிக்கொண்டு நின்றது. தெருவில் ஒரு குலுக்கல் இல்லை. ஆனால் தூக்குகளில் தண்ணீர் நிரப்பிப் பாலம் ஏறியபோது மூச்சு வாங்கியது. மீன்கூடையோடு சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பியும் பார்த்தார்.

பெரியதைப் பொருத்தியதும் வண்டி பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. நான் கூச்சலிட்டேன். ஆனால் மெதுவாகப் போய்விட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால், ஒரு கணம் யோசித்துவிட்டு, பிடரியில் அடி வாங்கியதுபோல் முன்னால் பாய்ந்தது. இக்கா உள்ளே பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றினார். ஊசியை ஒரு படி இறக்கினார். பாய்ச்சல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

"ஏற்றத்துக்கு வலியது மதி," என்றார் இக்கா சித்தப்பாவிடம், ஏற்றத்துக்குப் பெரியதே போதும் என்ற அர்த்தத்தில். "பக்ஷே ரசத்தோட காரியம் எனக்கு அறியாது மோனே. அது உன் சேச்சிகிட்ட கேளு."

சேச்சி, அதாவது எங்கள் அத்தை, பரீட்சை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஒரு தூக்கு நிறைய, கழுத்து வரைக்கும், ரசம். தீவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வண்டி நிற்கவும் கூடாது, ரசம் குறையவும் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் திங்கட்கிழமை முதல் ஆட்டோ. எந்த கார்புரேட்டரோடு போவது என்பதை மட்டும் சித்தப்பாவே முடிவு செய்துகொள்ளலாம்.

சனிக்கிழமை முழுக்க சித்தப்பா இரண்டையும் முற்றத்தில் எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னதை வைத்தால் சிந்தாது, நின்றாலும் நிற்கும். பெரியதை வைத்தால் நிற்காது, சிந்தினாலும் சிந்தும். நான் பெரியதுக்குத்தான் கட்சி. அப்பா சின்னதுக்கு. சாயங்காலம் சித்தப்பா பெரியதைக் கையில் எடுத்தார்.

"நிக்கறது வண்டி கையில. சிந்தறது என் கையில," என்றார் என்னிடம். "என் கையில இருக்கறதே இருக்கட்டும்."

ஞாயிறு காலை அத்தை மூடிமேல் ஈரத்துண்டைக் கட்டித் தூக்கைச் சட்டத்தில் வைத்தாள். நான் சித்தப்பாவின் பின்னால். சித்தப்பா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்போல் ஓட்டினார். பாலம் ஏறினோம், இறங்கினோம், கப்பல் தெரியும் இடத்தில் திரும்பினோம். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. திரும்பும்போதும் பாலத்தைத் தாண்டியாகிவிட்டது. வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு ஆடு, மட்டாஞ்சேரி ஆடுகளுக்கே உரிய நிதானத்தோடு, நடுரோட்டில் வந்து நின்று எங்களைப் பார்த்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். ஆடு யோசித்து முடித்து நகர்ந்தது. அவர் முறுக்கினார். வண்டி பாய்ந்தது.

என் காலில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. வெள்ளை ஃபிராக்கின் ஓரம் மஞ்சளாயிற்று. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் இரண்டும் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம் அவர் ஜாக்கிரதையாகக்கூட ஓட்டவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், வண்டியை நிறுத்திவிட்டு, அவர் மதில் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தை வந்து, யாரையும் தொடவிடாமல், தூக்கைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சமையலறையில் அவள் துண்டை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். ரசம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஈயச் சொம்பிலிருந்து ரசத்தைக் கரண்டியால் எடுத்து ஊற்றினாள். கழுத்து வந்ததும் நிறுத்தினாள். தூக்கின் வெளிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நின்னுண்டு என்ன பாக்கறே? போய் எல்லாரையும் கூப்பிடு."

எல்லோரும் வந்தார்கள். அப்பா, அம்மா, கை துடைத்துக்கொண்டே இக்கா, கடைசியில் சித்தப்பா. அத்தை மூடியை எடுத்தாள். "பாத்துக்கோங்கோ. ஒரு சொட்டுக் கொறையலை."

இக்கா எட்டிப் பார்த்தார். "தீவு வரைக்கும் போயிட்டு வந்தும் ஆவி பறக்குதே, சேச்சி!"

"என் பாத்திரம் அப்படியாக்கும்," என்றாள் அத்தை. இக்கா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்தப்பா தூக்கைப் பார்த்தார். என் ஃபிராக்கைப் பார்த்தார். மறுபடி தூக்கைப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் ரசம் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சினார். "மொளகு கொஞ்சம் கூடிப்போச்சு, அக்கா."

தன் சமையலில் யார் குறை சொன்னாலும் வம்சம் வரைக்கும் போகிற அத்தை, "இருக்கும்" என்றாள்.

சின்ன கார்புரேட்டர் திங்கட்கிழமையே எர்ணாகுளத்துக்குத் திரும்பிப் போயிற்று. நெய் தூக்கில்தான். அதற்கு அந்தத் தூக்கை அத்தையே எடுத்துக் கொடுத்தாள். வண்டி சாப்பாட்டோடு பல வருஷம் ஓடியது. பாய்ச்சல் பழகிப்போய், எந்த இடத்தில் எவ்வளவு முறுக்கினால் ரசம் தூங்கும் என்று சித்தப்பாவின் கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆறவே இல்லை. பரீட்சை வைத்தவளே விடையையும் எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்? அதுவும் தினமும் திட்டுகிற வண்டிக்கு? அன்று சாயங்காலம் கிணற்றடியில் அத்தை என் ஃபிராக்கைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை. சித்தப்பா சிந்தினதுதான் இது, ஆட்டோவே வந்திருக்கலாம் என்று நான் அழாக்குறையாகச் சொன்னேன்.

"கறை இருந்துட்டுப் போறது, கொழந்தே," என்றாள் அத்தை, துணியைப் பிழிந்துகொண்டே. "அவன் காலம்பற எழுந்துண்டு போறானோல்லியோ."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. நானும்தான் தினமும் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்காக ஒருநாளும் யாரும் ஒரு கரண்டி ரசம் கூட ஊற்றி நிரப்பவில்லை.