வரிசையை விட்டுக்கொடுத்த ஐயாவும் எங்கள் ஸ்கிரீனும்

ஸ்பிரிட் வாசம்... தலைக்கு மேல் கடகடவென்று ஒரு ஃபேன். சுன்னாகத்தில் ஒரு தனியார் கிளினிக்கின் பின்னறையில்தான் எங்கள் குட்டிக் கொம்பனியின் முதல் வேலை தொடங்கியது. அடுத்து யார் டொக்டரிடம் போவது என்று காட்டும் ஸ்கிரீன். அவ்வளவுதான்.

எழுதியது நானும் சுதன் அண்ணையும். எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கணக்குகளாக, பங்சன்களாக, எழுதுகிற பங்சனல் புரோகிராம் மொழியில்தான் எழுதுவோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். எப்படி எழுதுவது என்பதில் மட்டும் கீரியும் பாம்பும்.

அவருக்கு ரியாக்டிவ் ஸ்ட்ரீம்தான் உயிர். ஆட்கள் வந்த நேரம் ஒரு பக்கத்தால் ஓடி வரும், வரிசை தானாகக் கணக்காகி ஸ்கிரீனில் விழும். வாய்க்காலைத் திறந்துவிட்டால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் போகிற மாதிரி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு வேறு யோசனை. வரிசை ஒரே இடத்தில் இருக்கட்டும். நடப்பது ஒவ்வொன்றும் ஒரு செய்தியாக வரட்டும். ஒரே ஒரு பங்சன் அதை வாங்கிப் புது வரிசையைத் தரட்டும்.

அவர் சீனியர். அவர் சொன்னபடிதான் எழுதினோம்.

வெள்ளிக்கிழமை, முதல் நாளே சிக்கல். காய்ச்சல் பிள்ளையோடு ஒரு அம்மா வந்தார். முன்னால் இருந்த ஐயா எழும்பி, "பிள்ளையோடை நிக்கிறியள்... நீங்கள் முதல் போங்கோ, நான் பிறகு போறன்" என்றார். எங்கள் ஊரில் எந்த வரிசையிலும் நடப்பதுதான். நேர்ஸ் ஸ்கிரீனில் பெயர்களை மாற்றிப் போட்டார்.

அடுத்த ஆள் வந்ததும் ஸ்கிரீன் மறுபடி கணக்குப் பார்த்து ஐயாவையே மேலே தூக்கி வைத்தது. வந்த நேரத்தைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. ஐயாவுக்கும் சங்கடம், அந்த அம்மாவுக்கும் சங்கடம்.

டொக்டர் வெளியே வந்தார். "திங்கட்கிழமையும் உப்பிடி நடந்தால் உந்த ஸ்கிரீனைக் கழட்டிக்கொண்டு போங்கோ."

வேறு வேலை எங்கள் கையில் இல்லை. இதுவும் போனால் கொம்பனியைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

"எல்லாத்தையும் பிரிச்சுத் திருப்பி எழுதுவம் அண்ணை. விட்டுக்குடுக்கிறதும் ஒரு செய்திதான்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? சனி, ஞாயிறு மட்டும்தான் கிடக்கு."

"நான் எழுதுவன். நீங்கள் சோதிச்சுப் பாருங்கோ."

எனக்குக் கோபம். அந்தக் கோபத்திலேயே எழுதி முடித்தேன். அவரும் முகத்தை நீட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருவர் இடம் விட்டார். நேர்ஸ் பட்டனை அழுத்த, அந்தப் பெண்ணுடைய பெயர் மேலே போனது. பிறகும் ஆட்கள் வந்தார்கள். பெயர் அசையவில்லை. வாங்கில் காத்துக்கொண்டு இருந்த ஒருவரும் ஸ்கிரீனைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

"நிக்குது, என்ன" என்றார் சுதன் அண்ணை, மெதுவாக.

இப்போது நான் நெல்லியடியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை. ஸ்ட்ரீமா, ஒரே இடமா என்று மீட்டிங்குக்கு மீட்டிங் அதே சண்டை, பெரிய பெரிய படங்கள் போட்டு. நான் எழுதுவதைப் பாவிக்கிற ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சுன்னாகத்தில் அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்... இருமினாலும் கேட்கும்.

பாவிக்கிற ஆட்களோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று நேற்று கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை, எந்த வழி என்று முதலில் முடிவெடு என்கிறார்கள்.

எடுக்க மாட்டேன். முதலில் எனக்கு இதைப் பாவிக்கிற ஒரு ஆளைக் காட்டட்டும்.