சரிந்த மதில் கிரீடம்

வன்னியிலிருந்து வந்து சேர்ந்த சித்தி, லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில், ‘ஓம்’, ‘வேண்டாம்’ என்னும் இரண்டு சொற்களோடு ஒரு மாரிகாலத்தையே கழித்துவிட்டார். அடுத்த கிழமை அவருடைய அகதி விசாரணை. நடந்ததை வாய் திறந்து சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். கடைசியில் என் பள்ளி விடுமுறையைச் சாட்டாக வைத்து, எங்கள் இருவரையும் ஒரு நூலகத்தின் பழைய புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்திருந்த ஒரு படத்தின் முன் நான் நின்றுவிட்டேன். எரியும் நகரம். அதன் மேல், வானத்தில் தொங்கும் பெரிய வாள். முன்னால், கூந்தல் அவிழ்ந்து தரையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவள் தலையிலிருந்து சரியும் கிரீடம் முழுவதும் குட்டிக் கோபுரங்கள். உடனிருக்கும் பொருளைக் கொண்டு புனிதர்களை அடையாளம் காண்பதில், மறைக்கல்வி வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை.

“அம்மா, இது புனித பார்பரா!”

“பார்பராவுக்குக் கோபுரம் பக்கத்தில நிக்கும், பிள்ளை. தலையில இராது.”

சொன்னவர் சித்தி. ஊரில் மறைக்கல்வி கற்பித்தவர். பிழையைக் கேட்டும் சும்மா இருக்க அவரால் முடியவில்லை போலும். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தோல்வியை ஏற்காமல் விளக்க அட்டையை வாசித்தேன். அவள் புனிதை அல்லள். வீழ்ந்த பழைய நகரமே பெண்ணாக அமர்ந்திருக்கிறது. கிரீடம் அதன் மதில். வாள், அந்த அழிவை முன்கூட்டியே காட்டிய அடையாளம்.

சித்தி குனிந்து, வாளை அண்ணாந்து பார்த்து நிற்கும் சனங்களை உற்று நோக்கினார்.

“இந்தப் படம் கீறினவன் அங்க நிக்கேல்லை,” என்றார். “மேல ஒண்டு வந்தால் ஆராவது வாயைப் பிளந்துகொண்டு பாப்பினமோ? பதுங்கக் கிடங்கு வெட்டி அதுக்குள்ள எல்லோ இறங்குவினம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வாங்கில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அமைதி காக்க வேண்டிய இடத்தில் சித்தி உரக்கப் பேசியது வெட்கமாக்கும் என்று எண்ணினேன்.

வீடு திரும்பியதும் ஓவியனின் பிழையைத் திருத்த உட்கார்ந்தேன். அதே நகரத்தைக் கீறி, சனங்களை எல்லாம் கிடங்குகளுக்குள் இறக்கினேன். கிரீடக்காரி மட்டும் மேலே. சித்தி பென்சிலை வாங்கி, ஓரத்தில் இன்னொரு கிடங்கும் அதற்குள் ஒரு சின்ன உருவமும் கீறினார். பிறகு, அந்த உருவம் மறையும்வரை, கிடங்கை மெல்ல மெல்லக் கறுப்பாக்கினார்.

“ஐயோ சித்தி, பழுதாக்கிப் போட்டீங்களே!”

ரப்பரால் பொறுமையாகத் தேய்த்தேன். உருவம் மங்கலாகத் திரும்பி வந்தது.

“பாருங்கோ, வெளிய எடுத்திட்டன்.”

சித்தி என்னை இறுக அணைத்துக்கொண்டார். அன்று மாலை, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். விசாரணையிலும் பேசினார், எங்களோடே தங்கினார்.

சித்தி அப்படி அணைத்துக்கொள்ளும் அளவுக்கு என் படம் அழகாக வந்திருந்தது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். சித்திக்கு என்னிலும் இளைய மகன் ஒருவன் இருந்தான் என்பதை அப்போது எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.